வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல்

அம்சத்துக்குக் குளிர் என்றால் உயிர் என்பது பூவத்தடித் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். மார்கழியில் யாராவது மேல்துணி இல்லாமல் வாசலுக்கு வந்தால், "நீ என்ன அம்சம்னு நெனப்பா? உள்ள போ" என்று அதட்டுவார்கள். கல்யாண வீட்டில் எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டு வருகிறபோது அவள் முறை வந்ததும் யாராவது ஒரு புண்ணியவதி குறுக்கே விழுந்து, "அவளுக்குச் சூடு ஆவாது, பச்சத்தண்ணி குடு" என்று செம்பை நீட்டிவிடுவாள். அம்சம் வாங்கிக் குடிப்பாள். பல் கூசும். கூச்சத்தை மறைக்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, பாரு, எப்படி ரசிச்சுக் குடிக்கிறா என்பார்கள்.

இதில் இருந்த பிசகு ஒன்றே ஒன்றுதான். அம்சத்துக்குக் குளிர் பிடிக்காது. பிறந்ததிலிருந்தே பிடிக்காது. வெயில்தான் அவளுக்குப் பிடிக்கும், அதுவும் சித்திரை மாதத்து வெயில், நாய்கூட வெளியே தலைகாட்டாத மத்தியான வெயில். இது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த சங்கதி. இருபத்திரண்டு வருஷமாக அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. கட்டின புருஷன் வைரக்கண்ணுவிடம் முக்கியமாகச் சொல்லவில்லை.

அவள் பிறந்தது கோடியக்கரைப் பக்கம். அப்பன், ஆத்தாள் இரண்டு பேரும் உப்பளத்துக் கூலிகள். நெல் விளைகிற ஊரில் மழை வேண்டும் என்று கும்பிடுவார்கள். உப்பு விளைகிற ஊரில் மழை வந்துவிடக் கூடாதே என்று கும்பிடுவார்கள். 'உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, உமி விக்கப் போனா காத்தடிக்குது' என்று மற்ற ஊர்களில் வேடிக்கையாகச் சொல்வது அவள் வீட்டில் வேடிக்கை இல்லை. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி மூழ்கும், வேலை நிற்கும், அடுப்பு அணையும். தை கழிந்து வெயில் திரும்பி வந்தால்தான் சோறு. பாத்தி முற்றுகிற நாளில் சிறுமி அம்சம் வரப்பில் குந்திக்கொண்டு, மேற்கு வெயில் சாயச் சாயத் தண்ணீரின் ஓரத்தில் உப்பு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதுகு உறைக்கும். அந்த மாதங்களில் அப்பன் ஆத்தாளை அடிக்க மாட்டான். ஆத்தாள் பாடுவாள். வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும். வெயில் என்றால் அவளுக்கு இதெல்லாம் சேர்ந்ததுதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புயல் உப்பளத்தை அடித்துக்கொண்டு போயிற்று. பெண்ணை வைத்துச் சோறு போட வழியில்லாத அப்பன், அடுத்த வைகாசியில் திருத்துறைப்பூண்டிக்கு வடக்கே பூவத்தடியில் அவளைக் கட்டிக்கொடுத்தான். மாப்பிள்ளை வைரக்கண்ணு பண்ணையாள். அந்தக் காலத்தில் பண்ணையாள் என்றால், குடிசை நிற்கிற மண்ணும் பண்ணையுடையது, குடிசையில் படுக்கிறவனும் பண்ணையுடையவன். தெருவில் இருந்த முப்பது குடிசைக்கும் வாசல் வடக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும். வடக்கேதான் பண்ணையின் களம். பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் அங்கே நின்றுகொண்டு ஒரு குரல் கொடுத்தால், எவன் குனிந்து வெளியே வருகிறான், எவன் வரவில்லை என்பது தெரிய வேண்டுமே! ஜன்னல் என்கிற பேச்சே கிடையாது. வடக்கே வாசல் வைத்தால், வாடைக் காற்றை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

முதல் மார்கழி வந்தது. வைரக்கண்ணுவுக்குக் குளிர்காய்ச்சல். பல் கிட்டித்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு துப்பட்டி. அந்த நடுக்கத்திலும் அவன் அதை அவிழ்த்து அவள் பக்கம் நீட்டினான்.

"நீ போத்திக்க புள்ள. புதுசா வந்த பொண்ணு."

அவனை அப்போது அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. கல்யாணமாகி ஏழு மாதம். அதிகம் பேசுகிற ஆளும் இல்லை அவன். அந்தத் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நடுங்கின கையைப் பார்த்ததும், இவனுக்காக எதையும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வேண்டாம் என்று சும்மா சொன்னால் விடமாட்டான். அதனால் யோசித்துச் சொன்னாள்.

"எனக்கு வேண்டாங்க. நா உப்பளத்து வெயில்ல வெந்தவ. இந்த மாரி குளிர்ச்சிக்கு ஏங்கிக் கெடந்தேன். எனக்கு இதான் சொகம்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது இருந்த பொருத்தத்துக்கு யார்தான் நம்பமாட்டார்கள்? வெயிலில் வெந்தவளுக்குக் குளிர்ச்சிதானே பிடிக்கும்! வைரக்கண்ணு நம்பினான், போர்த்திக்கொண்டான், தூங்கினான். காய்ச்சல் விட்டு எழுந்ததும் வயலில் போய்ச் சொன்னான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பொங்கலுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் அவளுக்குக் குளிர்ச்சி பார்க்க ஆரம்பித்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்டாட்டிக்கு ஆசையாக ஒன்று கொடுக்க அவன் கையில் என்ன இருந்தது? தீபாவளிப் புடவை பண்ணை கொடுப்பது. தாலிக்குண்டு அவன் ஆத்தாள் கழுத்திலிருந்து கழற்றியது. அரிசி, உப்பு, எண்ணெய் எல்லாமே அளந்து வருவது. அளக்காமல் இருந்தது காற்று ஒன்றுதான். குடிசையிலேயே காற்று வருகிற இடம் வாசல்படி ஓரம். அந்த இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவன் அடுப்பு மூலையில் சுருண்டுகொண்டான். அவனுக்கு எந்தப் பருவமும் ஒன்றுதான், படுத்தால் கட்டைதான். ஆற்றுமணலைக் கூடையில் அள்ளி வந்து அவள் படுக்கிற இடத்தில் பரப்பித் தண்ணீர் தெளிப்பான். தெளித்துவிட்டு எப்படி என்று கேட்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்ப்பான். அவள், "சில்லுனு இருக்குங்க" என்பாள். அது பொய்யும் இல்லை.

தெருவில் அவனுக்குக் 'குளிர்ச்சிக்காரி புருஷன்' என்று பேர் விழுந்தது. அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. பெண்டாட்டியை ஓங்கி அடிக்கிறவர்கள் நடுவே, பெண்டாட்டிக்கு மணல் பரப்புகிறவன் என்கிற பேர் என்ன லேசா?

சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்த நாள் எத்தனையோ உண்டு. முதல் வருஷம் வெட்கம். இரண்டாம் வருஷம், ஊர் சிரிக்குமே என்கிற பயம். அதற்கப்புறம் அவன் முகம். மகள் வேம்பு ஒரு கார்த்திகையில் பிறந்தாள். பேறு பார்த்த மருத்துவச்சி, பிள்ளை பெற்றவளுக்கு நெருப்புச்சட்டி வைக்க வேண்டும் என்றபோது, "அவளுக்குச் சூடு ஆவாதே!" என்று இவன் குறுக்கே போய் நின்றான். "போடா அந்தாண்ட, பெரிய வைத்தியன் இவன்!" என்று மருத்துவச்சி அவனைத் துரத்திவிட்டாள். பூவத்தடிக்கு வந்தபின் குளிர்காலத்தில் அம்சம் கதகதப்பாகக் கிடந்தது அந்தப் பத்து நாள்தான். அந்த மருத்துவச்சியை அவள் கடைசிவரை சாமி மாதிரி நினைத்தாள்.

வெயில் காலத்தில் அவள் ஆளே வேறு. ஆற்றில் தண்ணீர் வரத்து நின்று, வயல் வெடித்து, வேலை இல்லாமல் தெரு பட்டினி கிடக்கிற பங்குனி, சித்திரையில் அவள் முகம் மட்டும் தெளிந்திருக்கும். மத்தியானத்தில் சுள்ளி பொறுக்கவும் எலிவளையில் நெல் தோண்டவும் அவளே கிளம்பிவிடுவாள். "பாவம், உப்பளத்துல பட்ட கஷ்டம் பழகிப்போச்சு அவளுக்கு" என்று தெரு இரக்கப்பட்டது. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு நம் ஜனங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்!

காலம் மாறத்தான் செய்தது. சங்கம் வந்தது, சிவப்புக் கொடி வந்தது. காரியக்காரரைக் கண்டால் இடுப்புக்கு இறங்குகிற துண்டை வைரக்கண்ணு ஒருநாள் தோளிலேயே விட்டான்; அதற்காக உதையும் பட்டான்; மறுநாளும் தோளிலேயே போட்டான். அறுபத்தேழில் ஆட்சி மாறியது. பின்னால் குடியிருக்கிறவனுக்கே குடியிருப்பு மனை என்று சட்டம் வந்தது. சட்டம் வந்தால் போதுமா? பண்ணை வழியை அடைத்தது, வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்தது. இரண்டு குடிசையின் சுவரை யாரோ இரவோடு இரவாக இடித்துப் போட்டார்கள். எல்லாம் கடந்து எழுபத்திரண்டில் மூன்று சென்ட் மனைக்குப் பட்டா கைக்கு வந்தது. வைரக்கண்ணு அதைத் தகரக் குழலில் போட்டுக் கூரையில் செருகினான்.

எழுபத்தைந்து தை மாதம், அறுவடைக் கூலிச் சண்டையில் அவனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினைந்து நாள் திருச்சி ஜெயிலில் வைத்தார்கள். அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் அம்சத்துக்கு அது வந்தது. நாலைந்து வருஷமாக மார்கழியில் வந்து போகிற இளைப்பு, இந்தத் தடவை போகவில்லை. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனை கத்தியது. நாற்றங்காலில் அவளோடு ஜோடியாக நிற்கிற தங்கம்மாள்தான் வண்டி பிடித்துத் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "குளிர்காத்து படவே கூடாதும்மா. மாருல அவ்வளவு சளி கட்டியிருக்கு. அடுத்த பனிக்கு இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஜெயிலிலிருந்து வந்தவனிடம், லேசான இருமல் என்றாள். டாக்டர் சொன்னதை வெளியே விடக் கூடாது என்று தங்கம்மாளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வந்த கையோடு வைரக்கண்ணு வீட்டு வேலையை ஆரம்பித்தான். மண் சுவர், மேலே நாட்டு ஓடு. வாசல் கிழக்கே. முதல் வேலையாக வாசலைத்தான் களத்திலிருந்து திருப்பினான். குடவாசலில் வேம்பைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே யாரோ பழைய வீட்டைப் பிரித்தபோது அவளும் மருமகனும் ஒரு தேக்கு ஜன்னலைச் சொல்லி வைத்திருந்தார்கள். நாலு கம்பி, இரண்டு கதவு. வைரக்கண்ணு அதை பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து, இறங்கின இடத்திலிருந்து மூன்று மைல் தலையில் சுமந்து வந்தான். தெருவிலேயே முதல் ஜன்னல். ஒரே ஜன்னல்.

கொத்தனார் சவரியப்பன் அதைத் தூக்கித் தெற்குச் சுவருக்குக் கொண்டுபோனபோது வைரக்கண்ணு மறித்தான்.

"அங்க இல்ல. வடக்க."

"வடக்கயா? என்னண்ணே இது, ஐப்பசிலேருந்து மூணு மாசம் வாடையும் சாரலும் வீட்டுக்குள்ளதான் குடியிருக்கும். தெக்க வச்சா தென்றலு வரும்."

"அந்த வாடைக்குத்தான்யா வைக்கிறேன். எம் பொண்டாட்டிக்கு அதான் உசுரு." அவன் உள்ளே போய்த் தரையில் காலால் ஒரு கோடு போட்டான். "அம்சம், இங்க வந்து பாரு. இதான் நீ படுக்கிற எடம். கதவத் தொறந்தா காத்து நேரா ஒம் மேலதான். குடிசையில வாசப்படில கெடந்தே. போறவன் வர்றவன் கண்ணுல பட்டுக்கிட்டு. இனிமே உள்ள, ராணியாட்டம் படுத்துக்க."

அம்சம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நாற்பத்துச் சொச்சம் வயதில் அவன் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பு அவள் பார்த்ததில்லை.

சவரியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, அண்ணன் சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. எங்க வைக்கட்டும்?"

இப்போது சொல்லியிருக்கலாம். நேருக்கு நேராக ஒருத்தன் கேட்டுவிட்டான். நாக்கு நுனிவரை வந்தது.

"அவரு சொல்ற எடத்துலயே வைங்க" என்றாள்.

சாயங்காலம் ஜன்னல் வடக்குச் சுவரில் ஏறியது. சுற்றிச் சேறும் செங்கல் துண்டும் வைத்து அடைத்துவிட்டு, ரெண்டு நாள் காயட்டும் என்று சொல்லிச் சவரியப்பன் போனான். வைரக்கண்ணு தெருவில் ஒவ்வொருத்தராகக் கூட்டி வந்து காட்டினான். தங்கம்மாளும் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அம்சத்தைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏண்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வாயத் தொறந்து சொல்லித் தொலயேன்!"

"எப்படிச் சொல்றது? இத்தன வருஷமா அவரு எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான். அத வேண்டாம்னு நானே தட்டிவிட்டா அவரு கையில என்னடி மிஞ்சும்?"

"பொண்டாட்டி மிஞ்சுவா. அது போதாதா அந்த மனுசனுக்கு?" தங்கம்மாள் குடத்தை நங்கென்று வைத்தாள். "ஆஸ்பத்திரியில நீ மூச்சுக்குத் தவிச்சத நா பாத்தேன். அவரு பாக்கல. சொல்லாம இருந்து மார்கழியில செத்துப் போ. அப்பறம் அவரு உக்காந்து அந்தச் சன்னலயே பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்."

அந்த வார்த்தை அம்சத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தான் செத்துப்போவதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் அவன் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், ஒருநாள் தங்கம்மாள் வாய் தவறி உண்மையைச் சொல்வதும், அவன் அதைக் கேட்பதும் வரிசையாகக் கண்ணில் வந்தன. அதைத் தாங்க முடியவில்லை.

விடிந்தும் விடியாததுமாக எழுந்து தனியாகப் புதுவீட்டுக்குப் போனாள். வாயால் சொல்வது தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைக்கு அந்தத் தொல்லை இல்லை. சொன்ன வேலையைச் செய்யும். ஈரச் சேற்றை விரலால் தோண்டினாள். செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஜன்னல் சட்டத்தைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தாள். ஜன்னல் வந்தது. கூடவே சுவரும் இடுப்பளவுக்குப் பொதபொதவென்று சரிந்து விழுந்தது.

செங்கல் தூளால் பல் தேய்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்த வைரக்கண்ணு, தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டான். வடக்குச் சுவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. உள்ளே யாரோ ஆள். வேறு என்ன நினைப்பான்? கிடந்த மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"எவன்டா அவன்! எம் மனையில கை வைக்கிறவன்! பட்டா இருக்குடா! மூணு சென்ட்டும் என்னுதுடா! இன்னிக்கு ஒன்னய..."

ஓங்கின மூங்கில் அப்படியே நின்றது. முழங்கைவரை சேறும் தலையெல்லாம் மண்ணுமாக, ஜன்னலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது அவன் பெண்டாட்டி.

"அம்சம்?" மூங்கில் கீழே விழுந்தது. "என்ன புள்ள? யாரு வந்தா? பண்ணை ஆளா? ஒன்னய அடிச்சானுவளா?"

"யாரும் வரல. நாந்தான் புடுங்குனேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குக் குளிர் புடிக்காதுங்க."

"காச்ச கீச்ச அடிக்குதா?"

"இல்லங்க. எப்பவுமே புடிக்காது. ஒங்கள வந்து கட்டுன நாள்லேருந்தே."

பிறகு எல்லாம் வந்தது. முதல் மார்கழி, துப்பட்டி, உப்பளத்தைச் சொல்லி அவள் கட்டின பொய். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்து நிறுத்தாமல் சொன்னாள். வைரக்கண்ணு இடிந்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"அறுவத்துநாலு புயல் மழையிலயும் வாசப்படிலதானே படுத்திருந்தே?"

"ஆமாங்க."

"வேம்பு வயித்துல இருக்கையில?"

"ஆமா."

"மணலக் கொட்டித் தண்ணி தெளிச்சேனே... தை மாசத்துலகூட தெளிச்சேனே, அம்சம்."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். உதை வாங்கினபோதும் ஜெயிலுக்குப் போனபோதும் அழாத மனுஷன், இடிந்த சுவரில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பயந்துபோனாள். இதற்குப் பயந்துதானே இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாள்! இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியையும் டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

துண்டு சட்டென்று கீழே இறங்கியது.

"சாவக் கெடந்தியா? நா ஜெயிலுல கம்பளியப் போத்திக்கிட்டுத் தூங்கையில நீ இங்க சாவக் கெடந்தியா?" எழுந்து வந்து அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான், மூச்சு இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கிறவன் போல. கை அங்கேயே இருந்தது. "ஒனக்குன்னு நா குடுத்தது அந்த வாசப்படி எடம் ஒண்ணுதான். அதுவும் ஒன்னயக் கொல்லத்தான் குடுத்தேனா?"

"அப்படிச் சொல்லாதீங்க." அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நம்மகிட்ட என்ன இருந்துச்சு? வாச எந்தப் பக்கம் பாக்கணுங்கறதக்கூட பண்ணைதானே சொன்னுச்சு? இருந்ததக் குடுத்தீங்க, நா வாங்கிக்கிட்டேன். நீங்க குடுத்தது குளிராவே இருந்துட்டுப் போவுது, ஒரு நாளும் நா வெறுத்துப் படுக்கல. ஆனா இப்ப நாலு செவுரு இருக்குங்க. நம்ம செவுரு. இப்பவாவது என்னயக் கேட்டுட்டுக் குடுங்க."

வைரக்கண்ணு சங்கத்துக்காகக் கலெக்டர் முன்னால் நின்று கேள்வி கேட்டவன். எவ்வளவு கூலி, எத்தனை மரக்கால், எந்தச் சட்டம் என்று தெளிவாகக் கேட்கத் தெரியும். இந்தக் கேள்வி அவன் வாயில் வந்து பழக்கமில்லை. இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒனக்கு எங்க வேணும், அம்சம்?"

அவள் சேற்றுக் கையைத் தூக்கி மேற்குச் சுவரைக் காட்டினாள்.

"மேக்காலயா? சாயங்கால வெயிலு உள்ள பூந்து பொசுக்கிடுமே! ஊருல எவனும் மேக்க வைக்க மாட்டானே?"

"பொசுக்கட்டும்" என்றாள் அம்சம். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் பொசுக்கணும்."

அவனும் அழுத கண்ணோடு சிரித்தான். பிறகு ஜன்னலை அவள் கையிலிருந்து வாங்கி மேற்குச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் குந்தினான். பக்கத்தில் இடத்தைத் துடைத்து, உட்கார் என்று காட்டினான்.

"அந்த வெயிலுல அப்படி என்ன இருக்கு? எனக்குச் சொல்லு."

வெடித்த வயலில் செருப்பில்லாமல் நடந்தால் சூடு குதிகாலில் ஏறி முழங்கால்வரை வருவதைச் சொன்னாள். பிறகு, துவைத்துப் போட்ட புடவை சித்திரையில் முறுமுறுவென்று காய்ந்து ஒரு வாசம் வருமே, அதை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்பது. நடவில் வந்த சேற்றுப்புண் பங்குனியில் ஆறித் தோல் உரிவது. வறண்ட ஆற்றுமணலில் மத்தியானம் யாருக்கும் தெரியாமல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டால், கண்ணுக்குள்ளே எல்லாம் செக்கச்செவேல் என்று இருப்பது. ஒருநாள் அப்படிப் படுத்திருந்தபோது நண்டு ஒன்று காதைக் கிள்ளியது. இதைச் சொல்லும்போது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வைரக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தான். அப்புறம், அப்புறம் என்று கேட்டான்.

சூரியன் பனைக்கு மேலே ஏறின பிறகு சவரியப்பன் வந்தான். முந்தின நாள் தான் ஜன்னல் வைத்த சுவர் கிடந்த கிடையைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அய்யய்யோ! எவன்ணே பண்ணுனது இந்த வேலைய? வாங்கண்ணே, போய் நாலு பேரக் கூட்டியாந்து..."

வைரக்கண்ணு திரும்பாமலே கையை நீட்டி அவனை அமர்த்தினான்.

"இரு சவரியப்பா. அப்படி உக்காரு. அவ பேசிக்கிட்டிருக்கா."